துருக்கியில் மதுவின் கதை



வரலாறு என்றால் மன்னர்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு நாட்டு மக்கள் வேலை முடிந்து மாலையில் என்ன குடித்தார்கள், எங்கே அமர்ந்து குடித்தார்கள், அதன் மீது யார் வரி வாங்கினார்கள், யார் தடை போட்டார்கள் என்பதும் வரலாறுதான். அந்த வரலாறு வீட்டு அடுப்படி வரைக்கும் வரக்கூடியது. ஆகவே இன்று துருக்கி நாட்டின் குடி வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

ஏன் துருக்கி என்று கேட்கலாம். துருக்கி மக்களில் மிகப் பெரும்பாலோர் இசுலாமியர். அவர்களுடைய சமயம் மதுவை விலக்கி வைக்கிறது. ஆயினும் அந்நாட்டுக்கென்று பெயர்பெற்ற மதுவகைகள் உண்டு. அவற்றைச் சுற்றி ஒரு பழக்கமும் ஒழுங்கும் உண்டு. தடை செய்த அரசுகளும் அங்கே இருந்தன. குடியிலிருந்து வரும் பணத்தை நம்பி வாழ்ந்த அரசுகளும் இருந்தன. இரண்டும் சில சமயம் ஒரே அரசாகவே இருந்தன! இந்த முரண்பாட்டில் நமக்கும் கற்றுக்கொள்ளச் செய்தி இருக்கிறது. குடியைப் புகழ்வதற்காக நாம் இதைப் பேசவில்லை. குடிப்பவரை ஏசுவதும் நம் நோக்கம் அன்று. நடந்தவற்றை நடந்தபடி அறிந்துகொள்வோம்.

துருக்கியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் திராட்சையும் மதுவும் இருந்தன. இன்றைய துருக்கியின் பெரும்பகுதிக்கு அனத்தோலியா என்பது பழைய பெயர். அங்கே கோன்யா மாநிலத்தில் இவ்ரிஸ் என்னும் இடத்தில், கிறித்து பிறப்பதற்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாறைச் சிற்பம் ஒன்று இருக்கிறது. மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம் ஒரு கையில் கோதுமைக் கதிரும் மறுகையில் திராட்சைக் குலையும் ஏந்தி நிற்கிறது. அதன் எதிரே வர்பலாவஸ் என்னும் அரசன் கை உயர்த்தி வணங்குகிறான். தெய்வம் அரசனைவிடப் பெரிது. சோறும் மதுவும் தெய்வம் தந்தவை என்று அக்கால மக்கள் கருதினர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சான்று கோர்டியன் என்னும் இடத்தில் கிடைத்தது. தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் கேட்ட மைடாஸ் அரசனின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். அந்த மைடாஸ் ஆண்ட பிரிஜிய நாட்டின் தலைநகர்தான் கோர்டியன். இன்றைய அங்காராவுக்கு மேற்கே உள்ளது. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொல்பொருள் அறிஞர்கள் அங்கே ஒரு பெரிய மண்மேட்டைக் குடைந்து உள்ளே சென்றனர். அரச குலத்தைச் சேர்ந்த ஒருவரின் உடலும், அவருடைய இறுதிச் சடங்கு விருந்தில் பயன்பட்ட ஏராளமான வெண்கலப் பாத்திரங்களும் அங்கே இருந்தன. அந்தப் பாத்திரங்களின் அடியில் ஒட்டிக்கிடந்த வண்டலைப் பின்னாளில் வேதியியல் முறையில் சோதித்தார்கள். திராட்சை மது, வாற்கோதுமைக் கள், தேன் மது ஆகிய மூன்றையும் கலந்து குடித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. ஏறத்தாழ 2700 ஆண்டுகள் கழித்துக் கோப்பையின் அடி பேசியது!

இனித் துருக்கியருக்கு வருவோம். அவர்களுடைய முன்னோர் நடு ஆசியாவின் புல்வெளிகளில் குதிரை மேய்த்துத் திரிந்த மக்கள். உழுது பயிரிட நேரமில்லாத நாடோடிகளுக்குத் திராட்சைத் தோட்டம் ஏது? அவர்களிடம் இருந்தது குதிரைப் பால். பெண்குதிரையின் பாலைத் தோல் பையில் ஊற்றி, அடிக்கடி கடைந்து புளிக்க வைப்பார்கள். அதற்குக் கிமிஸ் என்று பெயர். பசும்பாலைவிடக் குதிரைப் பாலில் சர்க்கரை அதிகம். அந்தச் சர்க்கரைதான் புளித்து மதுவாகிறது. விடியற்காலையில் இறக்கிய கள் இனிப்பாக இருந்து, பொழுது ஏற ஏறப் புளித்து வேகம் பிடிப்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். கிமிஸும் அதே வழியில் உண்டாவதுதான். ஆனால் வேகம் குறைவு. நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே அதில் மதுசாரம் இருக்கும். அது அவர்களுக்குப் போதைப் பொருள் என்பதைவிட உணவு என்றே சொல்லலாம்.

பதினோராம் நூற்றாண்டில் மஹ்மூது அல் காஷ்கரி என்னும் அறிஞர் துருக்கிய மொழிச் சொற்களைத் திரட்டி அரபு மொழியில் ஓர் அகராதி செய்தார். அதில் கிமிஸ் என்னும் சொல் இடம்பெற்றிருக்கிறது. 1253-ஆம் ஆண்டில் மங்கோலியப் பேரரசனைக் காணப் புறப்பட்ட ருப்ரக் வில்லியம் என்னும் கிறித்தவத் துறவியும் இந்தப் பானத்தைப் பருகி, அது செய்யும் முறையை விரிவாக எழுதி வைத்தார். குடிக்கும்போது நாவைக் கடிக்கும், குடித்து முடித்தபின் வாதுமைப் பாலின் சுவை நாவில் நிற்கும் என்பது அவருடைய கருத்து.

துருக்கியரிடம் இருந்த இன்னொரு பழைய பானம் போஸா. சிறுதானியத்தை வேகவைத்துக் கரைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துப் புளிக்க விடுவார்கள். நம் கூழ்போலக் கெட்டியாக, இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். இலவங்கப்பட்டைத் தூளைத் தூவி, வறுத்த கொண்டைக்கடலையை மேலே போட்டுத் தருவார்கள். அதில் மதுசாரம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். பழங்காலத்தில் படைவீரர்கள் உடம்புச் சூட்டுக்காகவும் பசிக்காகவும் இதைக் குடித்தனர். இஸ்தான்புல் நகரில் வேஃபா என்னும் பகுதியில் 1876-ஆம் ஆண்டில் தொடங்கிய போஸாக் கடை ஒன்று இன்றும் நடக்கிறது. குளிர்கால இரவுகளில் தெருத்தெருவாகக் கூவிப் போஸா விற்கும் வழக்கமும் இருந்தது. நோபல் பரிசு பெற்ற துருக்கிய எழுத்தாளர் ஓர்ஹான் பாமுக், 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நாவலில் அப்படிப்பட்ட ஏழைப் போஸா வியாபாரி ஒருவரையே கதைத் தலைவராக வைத்தார்.

துருக்கியர் இசுலாத்தைத் தழுவி, அனத்தோலியாவில் குடியேறி, பின்னர் உதுமானியப் பேரரசை நிறுவினர். 1453-இல் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றினார். அதுவே இன்றைய இஸ்தான்புல். அந்த நகரில் கிரேக்கரும், ஆர்மீனியரும், யூதரும் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். இசுலாமியர் குடிக்கக் கூடாது. ஆனால் பிற சமயத்தார் தமக்கென்று மது காய்ச்சலாம், விற்கலாம், அதற்கு வரி கட்டவேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. அவர்கள் நடத்திய மதுக்கடைக்கு மெய்ஹானே என்று பெயர். 'மெய்' என்றால் மது, 'ஹானே' என்றால் வீடு, பாரசீகச் சொற்கள். கடற்கரையை ஒட்டிய கலாத்தா என்னும் பகுதியில் இத்தகைய கடைகள் நிறைந்திருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் நாடெங்கும் சுற்றி எழுதிய எவ்லியா செலெபி என்னும் பயணியார், தாம் குடியாதவர் என்று சொல்லிக்கொண்டே இக்கடைகளைப் பற்றி நுணுக்கமாக எழுதியிருக்கிறார்.

கடையிலும் பலவகை இருந்தன. உரிமம் பெற்றுத் திறந்த வாயிலோடு நடந்தவை ஒருவகை. உரிமம் இல்லாமல், வேறு கடையின் பின்கட்டில் ஒளிவாக நடந்தவை இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் வேடிக்கையானது. அதற்கு 'நடக்கும் மதுக்கடை' என்று பெயர். ஒருவர் ஆட்டுக்குடலில் மதுவை நிரப்பி, அதை இடுப்பில் சுற்றிக் கட்டி, மேலே அங்கியைப் போட்டுக்கொள்வார். குடலின் முனையில் ஒரு சிறு குழாய். சட்டைப்பையில் ஒரு கோப்பை. தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டுதான் அடையாளம். தெரிந்தவர் அருகே வந்து கண் காட்டினால், கோப்பை நிரம்பும். காசு கை மாறும். இருவரும் ஒன்றும் அறியாதவர்போல் நடந்துவிடுவார்கள்.

நோன்பு மாதத்தில் மெய்ஹானேக்கள் மூடப்படும். வழக்கமாக வருபவர்களும் அம்மாதத்தில் குடியை விட்டுவிடுவார்கள். நோன்பு முடியும் நேரத்தில் கடைக்காரர், சோறு அடைத்துச் சமைத்த சிப்பிகளை ஒரு தட்டில் வைத்துத் தம் வாடிக்கையாளர் வீடுகளுக்கு அனுப்புவார். 'எங்களை மறந்துவிடாதீர்கள்' என்பதே அந்தப் பண்டத்துக்குப் பெயர்! ஒரு மாதம் குடியாமல் இருந்து பழகிய மனிதனை மறுபடியும் அழைத்துக்கொள்ள அந்தத் தட்டு வாசற்படி ஏறி வந்தது. வியாபாரியின் மரியாதை என்று சிலர் இதைப் போற்றுவார்கள். அந்தத் தட்டை வாசலில் வாங்கிக்கொண்ட மனைவி என்ன நினைத்திருப்பாள் என்பதை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை. நாம் நினைத்துப் பார்க்கலாம்.

மன்னர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? சுல்தான்களில் இரண்டாம் செலிம் என்பவர் 1566 முதல் 1574 வரை ஆண்டார். 'குடிகாரர் செலிம்' என்றே வரலாற்றில் பெயர் வாங்கிவிட்டார். அவர் காலத்தில் சைப்ரஸ் தீவை உதுமானியர் கைப்பற்றியதற்கு அத்தீவின் திராட்சை மதுவே காரணம் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான். கடல் வழியைக் காப்பதற்கு அத்தீவு தேவைப்பட்டது என்பதே பொருத்தமான காரணம்.

நான்காம் முராது என்பவர் 1623 முதல் 1640 வரை ஆண்டவர். 1633-இல் இஸ்தான்புல்லில் ஒரு பெருந்தீ மூண்டு நகரின் ஒரு பெரிய பகுதி எரிந்தது. அதன்பின் அவர் புகையிலையைத் தடை செய்தார்; காப்பிக்கடைகளை மூடினார்; மதுக்கடைகளையும் அடைத்தார். மாறுவேடத்தில் தாமே நகரைச் சுற்றி வந்தார். ஆணையை மீறியவர் பலர் உயிரிழந்தனர். ஆனால் அந்தச் சுல்தானே பெருங்குடியர். 27 வயதிலேயே மாண்டார். குடியே அவர் உடலைக் கெடுத்தது என்று எழுதிய வரலாற்றாசிரியர் பலர்.

இவரையும் பெக்ரி முஸ்தபா என்னும் குடியரையும் இணைத்துத் துருக்கி மக்கள் சொல்லும் நாட்டுக்கதை ஒன்று உண்டு. மாறுவேடத்தில் வந்த சுல்தானும் அமைச்சரும் ஒரு படகில் ஏறினார்களாம். படகோட்டி பெக்ரி முஸ்தபா. அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு, வந்தவர்களுக்கும் கொடுத்தான். அவர்களும் குடித்தார்கள். பிறகு சுல்தான், 'தடை செய்த மதுவை எங்களுக்கே கொடுக்கிறாயே, நான் யார் தெரியுமா? நான்தான் முராது! இவர் என் அமைச்சர்!' என்று மிரட்டினார். பெக்ரி விழுந்து விழுந்து சிரித்தானாம். 'ஒரு மிடறு போனதும் நீர் சுல்தான் ஆகிவிட்டீர், அவர் அமைச்சர் ஆகிவிட்டார். இன்னொரு மிடறு கொடுத்தால் விண்ணையும் மண்ணையும் படைத்தவரே நாம்தான் என்பீர்கள் போலிருக்கிறதே!' என்றானாம். ஆணையிட்டவரே மீறும் ஆணையை மக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை இந்தக் கதை காட்டிவிடுகிறது.

இனி வரிக்கு வருவோம். இந்த இடத்தை நேயர்கள் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் செலிம் என்னும் சுல்தான் ஐரோப்பிய முறையில் ஒரு புதிய படையை அமைக்க விரும்பினார். பணம் வேண்டும். மது மீது ஒரு வரி போட்டார். அதற்கு 'ஸெஜ்ரியே' என்று பெயர். அச்சொல்லுக்குத் தடுப்பது, விலக்குவது என்று பொருள். குடியைத் தடுப்பதற்கான வரி என்று பெயர் வைத்து, அந்தப் பணத்தைப் புதிய படைக்கான கருவூலத்தில் சேர்த்தார். குடி குறைந்தால் வரி குறையும். வரி குறைந்தால் படைக்குச் சம்பளம் இல்லை. தடுக்க வந்த வரி, தடுக்க முடியாத நிலைக்கு அரசையே கொண்டுவந்து நிறுத்தியது.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. 1854 முதல் உதுமானிய அரசு வெளிநாடுகளில் கடன் வாங்கத் தொடங்கியது. 1875-இல் கடனைக் கட்ட முடியாமல் திணறியது. 1881-இல், பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளின் கடன்காரர்கள் இஸ்தான்புல்லிலேயே ஓர் அலுவலகம் அமைத்தனர். உதுமானியக் கடன் நிருவாகம் என்று அதற்குப் பெயர். பேரரசின் சில வருவாய்கள் நேராக அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மீன், பட்டு ஆகியவற்றோடு மது மீதான வரியும் அதில் அடக்கம். அதாவது, இஸ்தான்புல் தொழிலாளி ஒருவர் மாலையில் குடித்த கோப்பையிலிருந்து ஒரு பங்கு, பாரிசிலும் இலண்டனிலும் இருந்த கடன்காரர் கைக்குப் போயிற்று. அந்த அலுவலகம் இருந்த பெரிய கட்டடம் 1933 முதல் ஒரு பள்ளிக்கூடமாக இருக்கிறது. ஆசிரியர் என்ற முறையில் இந்தச் செய்தி நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

அக்காலத்தில்தான் ராக்கி என்னும் மது நாடெங்கும் பரவியது. அதற்கு முன் மெய்ஹானேக்களில் திராட்சை மதுவே முதலிடம் பெற்றிருந்தது. 'அரக்' என்னும் அரபுச் சொல்லுக்கு வியர்வை என்று பொருள். காய்ச்சும்போது ஆவி குளிர்ந்து துளித்துளியாக இறங்குவதால் அந்தப் பெயர் வந்தது. அதிலிருந்தே துருக்கியரின் ராக்கியும், நம்மவர் அறிந்த அராக்கும் பெயர் பெற்றன என்பர். ஒரே சொல் கிழக்கும் மேற்கும் பயணம் செய்திருக்கிறது.

ராக்கியைத் திராட்சையிலிருந்து செய்கிறார்கள். முதலில் திராட்சையைப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடிப்பார்கள். பிறகு சோம்பின் மணமுடைய அனிசு விதையைச் சேர்த்து, செப்புக் கொப்பரையில் மறுபடியும் காய்ச்சுவார்கள். ஈஜியன் கடற்கரையிலுள்ள செஷ்மே என்னும் ஊரின் அனிசு விதைக்குத் தனிப்பெயர். இறங்கும் மது தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். அதில் பொதுவாக நூற்றுக்கு 45 பங்கு மதுசாரம் உண்டு. அதில் தண்ணீர் ஊற்றினால் உடனே பால்போல் வெளுத்துவிடும். அனிசு விதையின் எண்ணெய் மதுசாரத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் சேர்ந்ததும் எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து நிற்பதால் அந்த வெண்மை. துருக்கியர் இதைச் 'சிங்கத்தின் பால்' என்பார்கள். பெயர் வீரமானதுதான், குடித்தவரெல்லாம் சிங்கம் ஆனதாகச் செய்தி இல்லை.

ராக்கி குடிப்பதற்கென்று துருக்கியரிடம் ஓர் ஒழுங்கு உண்டு. வெறும் வயிற்றில் குடிப்பதில்லை. நின்றுகொண்டு ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்வதில்லை. மேசையில் வெள்ளைப் பாலாடைக்கட்டி, முலாம்பழம், கத்தரிக்காய்ப் பண்டம், மீன் என்று சிறு தட்டுகளில் பலவகை உணவு இருக்கும். தண்ணீர் கலந்து, சிறிது சிறிதாகப் பருகி, பாட்டும் பேச்சுமாகப் பல மணி நேரம் அமர்ந்திருப்பார்கள். உரக்கச் சண்டையிடுவதும் நிலைதடுமாறுவதும் மேசைக்கு இழுக்கு என்று கருதுவார்கள். இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கதே. ஆயினும் ஒழுங்காகக் குடித்தாலும் ஈரல் ஈரல்தான் என்பதைப் பின்னால் காண்போம்.

முதல் உலகப் போரில் உதுமானியப் பேரரசு தோற்றது. நேச நாட்டுப் படைகள் இஸ்தான்புல்லைப் பிடித்துக்கொண்டன. அந்த இக்கட்டான 1920-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மனநல மருத்துவர் மஸ்ஹர் உஸ்மானும் நண்பர்களும் சேர்ந்து 'பச்சைப் பிறை' என்னும் மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினர். இன்றும் அச்சங்கம் பணி செய்கிறது.

அதே ஆண்டில் அங்காராவில் முஸ்தபா கமாலின் தலைமையில் புதிய தேசிய மன்றம் கூடியது. நாடு போரில் இருந்தது, கருவூலம் வறண்டிருந்தது. அந்த மன்றத்தில் திராப்சோன் உறுப்பினர் அலி சுக்ரு பே மதுவிலக்குச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். குடி மக்களின் உடலையும் ஒழுக்கத்தையும் கெடுக்கிறது என்றனர் ஒரு சாரார். வரி வருவாய் போய்விடுமே, போரை எப்படி நடத்துவது என்றனர் மறுசாரார். 1920 செப்டம்பர் 14-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. சார்பாக 71, எதிராக 71. தலைமை வகித்தவரின் வாக்கால் சட்டம் நிறைவேறியது. மது செய்வதும் விற்பதும் குடிப்பதும் குற்றமாயின. அபராதம், சிறை, கசையடி எனத் தண்டனைகள் வந்தன.

சட்டம் நீடித்ததா? இல்லை. ஒளிவாகக் காய்ச்சுவது பெருகியது. குடியரசு அமைந்தபின், 1924 ஏப்ரலில் மதுவிலக்கு தளர்ந்தது. 1926-இல் மது செய்வதும் விற்பதும் அரசின் தனியுரிமை ஆயின. ஆறே ஆண்டுகளில், குடித்தால் கசையடி என்ற அரசு தானே மது வியாபாரி ஆனது. அந்த அரசு நிறுவனத்துக்குப் பின்னாளில் டெக்கெல் என்று பெயர். 1944-இல் அது வெளியிட்ட 'யெனி ராக்கி', அதாவது 'புதிய ராக்கி', நாடெங்கும் பெயர் பெற்றது.

திராட்சை மதுவுக்கு வேறு வகையில் இழப்பு நேர்ந்தது. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அனத்தோலியாவில் வாழ்ந்த கிரேக்கக் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் வாழ்ந்த இசுலாமியர் துருக்கிக்கும் இடம் மாற்றப்பட்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களை இழந்தனர். திராட்சைத் தோட்டமும் மதுக்கலையும் அறிந்த கைகள் அவர்களோடு போயின. துருக்கியில் இன்றும் திராட்சை ஏராளமாக விளைகிறது. ஆனால் அதில் மிகச் சிறு பகுதியே மதுவாகிறது. மற்றவை பழமாகவும் உலர்திராட்சையாகவும் விலையாகின்றன.

துருக்கியக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால் அத்தாதுர்க் ராக்கி விரும்பிக் குடித்தவர். அவருடைய இரவு விருந்து மேசையில் நாட்டின் பெரிய விவகாரங்கள் பேசப்பட்டன. எழுத்தை மாற்றியவர், சட்டத்தை மாற்றியவர், பெண்களுக்கு வாக்குரிமை தந்தவர். அவர் 1938 நவம்பர் 10-ஆம் நாள், 57-ஆம் வயதில், ஈரல் சுருக்க நோயால் மறைந்தார். முன்னர்ச் சொன்ன அத்தனை மேசை ஒழுங்கும் அறிந்தவர் அவர். பெருந்தலைவர் என்று ஈரல் அவரை விட்டுவிடவில்லை.

பின்னர் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2004-இல் டெக்கெல் நிறுவனத்தின் மதுப் பிரிவை அரசு 292 மில்லியன் அமெரிக்க டாலருக்குத் தனியாருக்கு விற்றது. அது கைமாறி, 2011-இல் ஏறத்தாழ 2100 மில்லியன் டாலருக்கு டியாஜியோ என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 2013-இல் வந்த சட்டம் மது விளம்பரங்களைத் தடை செய்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாது என்றது. அப்போது பிரதமராக இருந்த எர்துவான், நம் நாட்டுப் பானம் அய்ரான்தான் என்று கூறினார். அய்ரான் என்பது உப்புப் போட்ட மோர். நாம் வெயிலுக்குக் குடிக்கிறோமே, அதற்கு உறவுமுறை!

மது மீதான வரியும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. ராக்கியின் விலையில் பெரும்பகுதி வரியே என்றாயிற்று. விலை ஏறினால் குடி குறையும் என்பது எண்ணம். சிலர் குறைத்தனர். வேறு சிலர் மலிவான கள்ளச் சரக்கைத் தேடினர். கள்ளச் சரக்கில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. 2005-இல் போலி ராக்கியால் 20 பேருக்கு மேல் இறந்தனர். 2024-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இஸ்தான்புல்லிலும் அங்காராவிலும் இப்படி மாண்டவர் தொகை நூற்றைத் தாண்டியது.

இது தொலைதூரச் செய்தி என்று எண்ணவேண்டாம். 2018 செப்டம்பரில் நம் நாட்டில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். ஆகவே ஒன்றை மட்டும் எல்லாரும் மனத்தில் பதிய வைக்கவேண்டும். மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்தான், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். கண்முன் பனிபோல மறைக்கும். 'போதை தெளியவில்லை, தூங்கட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். காலம் தாழ்ந்தால் கண் போகும், உயிரும் போகும். நேரத்தில் சென்றால் மாற்று மருந்து உண்டு.

துருக்கியர் எல்லாரும் குடிப்பவர் என்று எண்ணிவிடவும் கூடாது. 2019-இல் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே மது அருந்துவதாகத் தெரிந்தது. அந்நாட்டின் உண்மையான அன்றாடப் பானம் தேநீர். இடை சிறுத்த சிறு கண்ணாடிக் கோப்பையில், பால் சேர்க்காமல், காலை முதல் இரவு வரை குடிப்பார்கள். கருங்கடல் ஓரத்தில் ரிசே என்னும் மாநிலத்தில் தேயிலை பயிரிட 1924-இல் சட்டம் வந்தது. 1947-இல் அங்கே தேயிலை ஆலை திறந்தது. பெரிய தோட்டத் துரைமார் அங்கே இல்லை. சிறு சிறு துண்டு நிலம் வைத்திருக்கும் குடும்பங்களே கொழுந்து பறித்து ஆலைக்குக் கொடுக்கின்றன. இருபத்து மூன்றே ஆண்டுகளில் அரசும் மக்களும் சேர்ந்து நாட்டின் தாகத்தையே வேறு பக்கம் திருப்பத் தொடங்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அன்பு நேயர்களே, நான்காம் முராது வாளால் தடுத்தார், நிற்கவில்லை. மூன்றாம் செலிம் வரியால் தடுப்பதாகச் சொன்னார். அரசுதான் அதில் மாட்டிக்கொண்டது. 1920-இல் சட்டத்தால் தடுத்தனர். நான்கு ஆண்டு தாங்கவில்லை. விலையை ஏற்றித் தடுக்கப் பார்த்தபோது ஏழைகள் நஞ்சைக் குடித்தனர். இதனால் சட்டம் வீண், வரி வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. அவை மட்டும் போதா என்கிறோம். குடியால் வருவாய் பெறும் எவரும், அது அரசாயினும் கம்பெனியாயினும், நம் வீட்டு நலனை நமக்காகக் காத்துத் தருவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இது நம் மூத்தோர் அறிந்த செய்திதான். 1947-இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தபோது, யாரோ மேலிருந்து ஆணையிட்டு எழவில்லை. தம் சம்பளம் எங்கே போகிறது என்று தாமே கணக்குப் பார்த்துத்தான் எழுந்தார்கள்.

அந்தக் கணக்கை ஒவ்வொரு வீடும் பார்க்கலாம். இன்றிரவு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளை எடுத்து, ஒரு மாதத்தில் குடிக்குப் போகும் பணத்தை எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கைப் பிள்ளையே கூட்டட்டும். கூட்டல் கணக்கைப் பள்ளியில் நாம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். விடையை வீட்டில்தான் பார்க்கவேண்டும்.